சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு பசி சிரப் போதுமா? அனோரெக்சியா நோயும் மாத்திரைகளும்: உண்மை என்ன?

புதுச்சேரி:

"பொண்ணு சரியாவே சாப்பிட மாட்டேங்குது... பசி எடுக்கிற மாதிரி ஒரு டானிக் குடுங்க!" நேரு வீதியோ, வில்லியனூரோ, மருந்துக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

பாட்டில் கைக்கு வரும். 2 வாரம் ஊற்றிக் கொடுத்துப் பார்ப்பார்கள். காய்ச்சலில் விழுந்து எழுந்த பிள்ளை என்றால் தானாகவே தேறிவிடும். ஆனால் சில பிள்ளைகளுக்கு எடை இறங்கிக்கொண்டே போகும். 45 கிலோ 40 ஆகும், 40 கிலோ 35 ஆகும். கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல, வயிறு ஃபுல்லா இருக்கு" என்று பதில் வரும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வந்திருப்பது 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற மனநோயாக இருக்கலாம். அதற்கு பசி சிரப் மருந்தே அல்ல!

ஒரே பெயர், இரண்டு வியாதி

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. டாக்டர் சீட்டில் வெறுமனே 'அனோரெக்சியா' என்று எழுதினால் அதற்கு பசியின்மை என்று பொருள். காசநோய், மஞ்சள் காமாலை, குடல்புழு, புற்றுநோய் என்று எதிலும் பசி குறையும். அந்த நோயை சரிசெய்தால் பசி திரும்பும்.

'அனோரெக்சியா நெர்வோசா' அப்படி இல்லை. இதில் ஆரம்பத்தில் பசி நன்றாகவே எடுக்கும். ஆனால் எடை கூடிவிடுமோ என்ற பயம் பசியை அமுக்கிவிடும். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கண்ணாடியில் குண்டாகத் தெரிவது போல இருக்கும். சோற்றை ஒளித்து வைப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுப்பது, மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்வது என்று போகும். பெண்களுக்கே அதிகம் வந்தாலும் ஆண் பிள்ளைகளையும் இது விடுவதில்லை.

பாரீசைச் சேர்ந்த டாக்டர் லாசேக் 1873-ம் ஆண்டிலேயே இந்த நோயைப் பற்றி எழுதினார். அதே காலத்தில் லண்டன் டாக்டர் வில்லியம் கல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். ஆக, 150 வருஷமாக டாக்டர்களுக்குத் தெரிந்த நோய்தான். ஆனால் இதைக் குணப்படுத்தும் மாத்திரை மட்டும் இன்று வரை கிடைக்கவில்லை. இந்த நோய்க்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு மருந்துக்குக்கூட அனுமதி கொடுக்கவில்லை.

பசி சிரப் என்ன செய்யும்?

கடைகளில் பசிக்கு என்று கொடுக்கும் பல சிரப்புகளில் இருப்பது 'சைப்ரோஹெப்டடின்'. இது அலர்ஜிக்காக வந்த மருந்து. தூக்கமும் பசியும் இதன் பக்கவிளைவு.

அமெரிக்காவில் இதை 72 நோயாளிகளை வைத்து சோதித்து 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டை மட்டும் குறைக்கிறவர்களுக்கு ஓரளவுதான் உதவியது. அள்ளி அள்ளி சாப்பிட்டு பிறகு வாந்தி எடுக்கிறவர்களுக்கோ சிகிச்சை இன்னும் சிக்கலானது. காரணம் எளிது. பசியைப் பார்த்தே பயப்படுகிற பிள்ளைக்கு பசியைத் தூண்டினால் பயம்தான் கூடும்.

'உடம்பு போட' என்று பெயர் சொல்லாமல் பொட்டலத்தில் தரும் மாத்திரைகள் இன்னும் ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். சதை போட்டது போலத் தெரியுமே தவிர நோய் அப்படியே இருக்கும்.

மனநல மாத்திரைகள்?

மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் 'புளுவாக்ஸ்டின்' மேல் ரொம்ப நம்பிக்கை இருந்தது. நியூயார்க்கிலும் டொரண்டோவிலும் எடை ஓரளவு தேறிய 93 பேரை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு இந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 2006-ல் முடிவு வந்தது. ஒரு வருஷம் எடை குறையாமல் தாக்குப்பிடித்தவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 26.5 சதவீதம், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 31.5 சதவீதம். மருந்தால் கூடுதல் பலன் இல்லை!

ஏன் வேலை செய்யவில்லை? பட்டினியே மனசைக் கெடுக்கும் என்பதுதான் விஷயம். 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நல்ல ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு 6 மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். எந்த மனநோயும் இல்லாத அவர்களே சிடுசிடுப்பு, சோகம், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு என்று ஆகிவிட்டார்கள். சாப்பாடு வந்த பிறகுதான் மெல்ல மெல்ல மனசும் தேறியது. காய்ந்துபோன மூளையில் மாத்திரை ஏறுவது கஷ்டம்.

இப்போது டாக்டர்கள் சிலருக்கு எழுதும் இன்னொரு மருந்து 'ஒலான்சபின்'. 2019-ல் வெளியான ஆய்வில் 152 பேருக்கு 16 வாரம் சோதித்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மாதத்துக்கு சுமார் அரை கிலோ கூடியது, அவ்வளவுதான். குண்டாகிவிடுவோம் என்ற பயம் குறையவில்லை.

அதற்காக மருந்தே வீண் என்று அர்த்தம் இல்லை. கூடவே கடுமையான மன அழுத்தமோ, பதற்றமோ இருந்தால் அதற்கு மாத்திரை தேவைப்படும். டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் தாங்களாக நிறுத்தக்கூடாது. அதேபோல தாங்களாக வாங்கிப் போடவும் கூடாது. மன அழுத்தத்துக்குத் தரும் 'புப்ரோபியான்' என்ற மருந்தை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்தால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

சோறுதான் மருந்து

அப்படியானால் எதுதான் பலிக்கும்? வேளாவேளைக்குச் சாப்பாடு, கூடவே மனநல ஆலோசனை. பள்ளி வயசுப் பிள்ளைகளுக்கு பெற்றோரே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கும் குடும்ப சிகிச்சை முறை நல்ல பலன் தருகிறது. திட்டாமல், அடிக்காமல், கெஞ்சிக் கூத்தாடாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் சாப்பிட வைப்பது எப்படி என்று டாக்டர்களே பெற்றோருக்குச் சொல்லித் தருவார்கள்.

அமெரிக்காவில் 121 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது குடும்ப சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம் பேர் முழுசாகத் தேறியிருந்தார்கள். பிள்ளைக்கு மட்டும் தனியாகக் கொடுத்த ஆலோசனையில் இது 23 சதவீதம்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ரொம்ப நாள் பட்டினியாகக் கிடந்த உடம்புக்கு ஒரே நாளில் வயிறு முட்ட சோறு போடக்கூடாது. ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவு சடாரென இறங்கி இதயம் நிற்கும் ஆபத்து உண்டு. ரொம்ப மெலிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே படிப்படியாகத்தான் சாப்பாட்டைக் கூட்டுவார்கள்.

நம்ம ஊரிலும் உண்டா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி" என்று ஒதுக்க முடியாது. சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது. 31 பேருக்கு சாப்பாடு, எடை பற்றிய மனத்தொல்லை இருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவு பதிவேடுகளைப் பார்த்து 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் சாப்பாடு சம்பந்தமான மனநோய் இருந்த 41 பேரில் பெரும்பாலோருக்கு மனக்கஷ்டத்தால் வரும் வாந்திதான். அனோரெக்சியா சிலருக்கே இருந்தது.

நம் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர் "குண்டாயிடுவேன்" என்று சொல்லவே மாட்டார்கள். "வயிறு உப்புது", "நெஞ்ச கரிக்குது", "விரதம்" என்பார்கள். அதனால் வீட்டில் வயிற்று டாக்டர், ஸ்கேன், மந்திரிப்பு, தாயத்து என்று மாதக்கணக்கில் அலைவார்கள்.

அந்த மாதங்கள்தான் உயிருக்கு உலை. மனநோய்களிலேயே அதிகம் உயிர் பறிக்கும் நோய்களில் இதுவும் ஒன்று. இதில் இறப்பவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவர் தற்கொலை செய்துகொள்கிறார்.

எப்போது ஓட வேண்டும்?

மயக்கம், நெஞ்சு படபடப்பு, பகலிலேயே நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 50க்குக் கீழ், தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது, "செத்துப்போறேன்" என்ற பேச்சு... இதில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மாதவிடாய் நிற்பது, எந்நேரமும் குளிர்வது, கையில் பூனை முடி முளைப்பது தெரிந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. நகருக்குள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் முதலில் காட்டலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மனஸ்' மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.