கடற்கரை மணலிற் செயற்கைப் புற்றரை



மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் உள்ள ஊர்களை உங்களிற் பலர் அறிவீர்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி; இரண்டுக்கும் நடுவே நீண்டு ஒடுங்கிய மணல் நிலம். அங்கே சில அடி ஆழத்திலேயே கிணற்றில் நீர் ஊறிவிடுகின்றது. உப்புநீர் இருபுறமும் சூழ்ந்திருக்க, அந்தக் கிணற்று நீர் மட்டும் குடிப்பதற்கு ஏற்றதாக இருப்பது எவ்வாறு? முற்றத்தில் செயற்கைப் புல் விரிக்க எண்ணும் ஒருவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

மாரி மழை மணலினூடே இறங்கி, நிலத்தடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் 1,000 பங்கு எடையுடையதாயின் அதே அளவு கடல்நீர் 1,025 பங்கு எடையுடையது. இந்தச் சிறு வேற்றுமையே நன்னீரை மேலே தாங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபென் என்பவரும், 1901ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் இதனைக் கணக்கிட்டு விளக்கினர். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது அவர்கள் கண்ட விதி. இதன் மறுபக்கம் அச்சந் தருவது. மேலே அரை அடி குறைந்து நிலைத்துவிட்டால், கீழேயிருந்து உப்புநீர் காலப்போக்கில் 20 அடி மேலேறிவிடும்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, இக்கரையோரத்துக் கிணறுகள் கடல்நீரால் நிரம்பின. இயந்திரம் வைத்து இறைத்து அவற்றைத் தூய்மையாக்க முயன்றார்கள். அளவுக்கு மீறி இறைத்தவிடத்து உப்பு மேலும் மேலேறவே செய்தது. ஈற்றில் கிணறுகளை மெல்ல மெல்ல மீட்டுத் தந்தவை அடுத்தடுத்து வந்த மாரி மழைகளே. ஆதலால் இத்தகைய நிலத்தில் நீர்வடிப்பு என்பது நீரை வீதிக்குத் தள்ளிவிடுவதன்று; விழுந்த வளவுக்குள்ளேயே அதனைக் கீழே இறக்கிவிடுவதாகும். ஆயிரம் சதுர அடி முற்றத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறத்தாழ 2,360 இலீற்றர் நீர். அதனை வீதி வாய்க்காலிற் சேர்த்துவிட்டால் அது வாவிக்கோ கடலுக்கோ போய்விடும்.

செயற்கைப் புல் புதிய பொருளன்று. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், கூரையிட்ட விளையாட்டரங்கு ஒன்றில் உயிர்ப்புல் வெயிலின்றி மடிந்துபோக, அதற்குப் பதிலாக விரிக்கப்பட்டதிலிருந்தே அது பெயர் பெற்றது. கூரைக்குக் கீழே விரித்த புல்லுக்கு மழையைப் பற்றிய கவலை இருக்கவில்லை. நமக்கோ மழைதான் முதற் கவலை.

"மணல்தானே, நீர் தானாக வடிந்துவிடும்" என்பார்கள். இது பாதி உண்மை. நான் கண்ட ஒரு வீட்டில், மணல் புதைகின்றதென்று கிரவலைக் கொட்டி, உருளையால் இறுக்கி, அதன்மேற் புல்லை விரித்திருந்தார்கள். கிரவலிலுள்ள களி இறுகிச் சட்டிபோலாகிவிட்டது. மாரியின் முதற் கிழமையிலேயே முற்றம் குளமாயிற்று. ஒரு முழத்துக்குக் கீழே மணல் நீருக்காகக் காத்துக்கிடந்தது! சீமெந்துத் தளம் இட்டு அதன்மேல் விரிப்பதும் இதே தவறுதான்.

செய்யவேண்டியது வேறு. மேல்மண்ணை நான்கைந்து அங்குலம் அகற்றி, மணலை நனைத்து மட்டப்படுத்தி, அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் எனப்படும் நீர்புகு துணியை விரிக்கவேண்டும். செலவைக் குறைக்க விரும்புவோர் முதலில் விட்டுவிடுவது இந்தத் துணியைத்தான். ஆனால் மணல் நிலத்தில் இதுவே உயிர்நாடி. துணி இல்லாவிடின் மேலுள்ள சல்லி மணலுக்குள் அமிழும். மணல் சல்லிக்குள் ஏறும். இரண்டு மாரி கழியுமுன் தரை மேடும் பள்ளமுமாகும். துணியின்மேல் முக்கால் அங்குலச் சல்லி மூன்று அங்குலம், அதன்மேல் சிறுசல்லி ஓர் அங்குலம். சல்லி தூளின்றிக் கழுவியதாக இருக்கட்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாகப் பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலான சரிவு போதும்.

விளிம்பிலே துணியை மேலே மடித்து ஓரக்கல்லோடு சேர்த்துவிடுங்கள். ஓடும் நீர் மணலை விளிம்பின் வழியாகவே களவாகக் கொண்டுபோகும். புல்லின் அடித்தளத்தில் துளைகள் உண்டா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளவேண்டும். புல்லிழைகளுக்கு இடையே தூவும் மணலுக்குக் கடற்கரை மணலை அள்ளிவருவது கூடாது. அதிலுள்ள உப்பு முதல் மழையிலேயே கரைந்து உங்கள் கிணற்றை நோக்கித்தான் இறங்கும்.

கூரைப் பீலியின் நீரைப் புற்றரைமேல் விடாது, தனியே வெட்டிய நீர்க்குழிக்கு இறக்குவது நன்று. அந்தக் குழி மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் அமையக்கூடாது. மணலில் நீர் விரைந்து செல்வதால் அழுக்கு வடிபட நேரமிராது.

இவையெல்லாவற்றுக்கும் முன்னர் ஒரு சோதனை உண்டு. மார்கழியில், மழை ஓய்ந்த ஒரு நாளில், முற்றத்திலே மூன்றடிக் குழியொன்று தோண்டிப் பாருங்கள். இரண்டடிக்குள்ளே நீர் தென்பட்டால், அவ்விடத்தில் நீர்க்குழி வெட்டிப் பயனில்லை. நீர் இறங்க இடமில்லை. நல்ல ஆற்றுமணலால் தரையை உயர்த்தி, சல்லிப்படை மாரிக்கால நீர்மட்டத்துக்கு மேலே நிற்குமாறு செய்வதே வழி. கோடையில் தோண்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவோர் ஏமாந்துபோவர்.

என் கருத்தைக் கேட்பீர்களாயின், கிணற்றடியைச் சுற்றியுள்ள இடத்தை வெறும் மணலாகவே விட்டுவிடுவேன். செயற்கைப் புல் நண்பகல் வெயிலிற் கால் வைக்க முடியாதபடி சுடும். நாட்பட அதன் இழைகள் உதிர்ந்து மழைநீரோடு செல்லும். விரித்தே ஆகவேண்டுமெனில் சிறிய அளவில் விரியுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னர் சருகுகளைக் கூட்டி அகற்றி, நான்கைந்து இடங்களில் ஒவ்வொரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். எந்த இடத்திலாவது கால் மணி நேரத்துக்குப் பின்னும் நீர் தேங்கி நின்றால், அந்த மூலையைக் கிளப்பிப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் துணியின்மேல் படிந்த சேறே காரணமாக இருக்கும். அதனைக் கழுவி, சல்லியை மீண்டும் பரப்பிவிடலாம்.