பழைய ஊர்திகளின் கருவிப் பலகை மின்கம்பித் தொகுதி

பழைய ஊர்திகளின் கருவிப் பலகை மின்கம்பித் தொகுதி என்பது, ஓட்டுநருக்கு முன்னால் உள்ள மானிகள், எச்சரிக்கை விளக்குகள், சுவிட்சுகள் ஆகியவற்றை ஊர்தியின் மின்கல அடுக்கு, மின்னாக்கி, உணரிகள் ஆகியவற்றோடு இணைக்கும் கம்பிக் கட்டு ஆகும். பணிமனைகளில் கருவிப் பலகை டாஷ்போர்டு என்றும், இக்கம்பிக் கட்டு வயரிங் ஹார்னஸ் என்றும் வழங்கப்படுகின்றன. உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் கடந்த ஊர்திகளில் புதிய மானிகளைப் பொருத்த விரும்புவோர், அவற்றுக்கு ஏற்ற கம்பிகளையும் இணைப்பிகளையும் பெறுவதில் இடர்ப்பாட்டை எதிர்கொள்ளலாம். பழைய தொகுதியின் மின்சுற்றைப் புரிந்துகொள்ளாமல் செய்யப்படும் இணைப்புகள் மானிகள் பழுதாவதற்கும், சில வேளைகளில் ஊர்தி தீப்பற்றுவதற்கும் காரணமாகின்றன.

இக்கட்டுரை 1950கள் முதல் 1970கள் வரை பிரித்தானியாவில் உருவாக்கப்பட்டு, லூக்காஸ் நிறுவனத்தின் மின் பாகங்கள் பொருத்தப்பட்ட கார்களை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

பின்னணி

பர்மிங்காமில் யோசப் லூக்காஸ் தொடங்கிய நிறுவனம், 20 ஆம் நூற்றாண்டில் பிரித்தானியக் கார்களின் மின் பாகங்களைப் பெருமளவில் வழங்கியது. மொரிஸ் மைனர் (1948–1971), எம்ஜிபி (1962–1980) முதலியவை இப்பாகங்களைப் பயன்படுத்திய கார்களாகும். தெற்காசியாவிலும் இவற்றின் தாக்கம் உண்டு. 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை இந்தியாவில் உற்பத்தியான அம்பாசடர், மொரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. லூக்காஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1961 இல் சென்னையில் ஒரு கூட்டு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. இலங்கையில் மொரிஸ் மைனர் கார்கள் இன்றும் ஓடுகின்றன.

தொடக்ககாலத் தொகுதிகளில் இரப்பர் காப்புறை இடப்பட்ட கம்பிகளின் மேல் பருத்தி நூல் பின்னப்பட்டிருந்தது. காலப்போக்கில் இரப்பர் வெடித்து உதிர்கின்றது. பருத்தி ஈரத்தை உறிஞ்சுகின்றது. பின்னர் பயன்பாட்டுக்கு வந்த பிவிசி காப்புறை நீண்ட காலம் உழைப்பது. எனினும் அதுவும் வெப்பத்தால் நாளடைவில் இறுகிப்போகும். வெளித்தோற்றத்தில் நல்ல நிலையிலுள்ள பழைய தொகுதியும், வளைத்தவுடன் காப்புறை பிளந்து செம்பு வெளியே தெரியும் நிலையில் இருக்கலாம்.

நிறக் குறியீடு

லூக்காஸ் தொகுதிகளில் ஒவ்வொரு கம்பியின் நிறமும் அதன் பணியைக் குறிக்கின்றது. அடிப்படை நிறம் மின்வழங்கலின் வகையையும், அதன் மேலுள்ள மெல்லிய கோட்டின் நிறம் குறிப்பிட்ட பணியையும் காட்டும். கருவிப் பலகைக்குத் தேவையான முதன்மை நிறங்கள் பின்வருமாறு:

* பழுப்பு - மின்கல அடுக்கிலிருந்து உருகி இன்றி எப்போதும் மின்சாரம் வரும் கம்பி
* வெள்ளை - எரியூட்டல் சுவிட்சைத் திருப்பியபின், உருகி இன்றி மின்சாரம் வரும் கம்பி
* பச்சை - எரியூட்டல் சுவிட்சுக்குப் பின் உருகி வழியாக வரும் கம்பி
* ஊதா - எப்போதும் மின்சாரம் உள்ள, உருகி வழியாக வரும் கம்பி
* இளம்பச்சை - மின்னழுத்த நிலைப்படுத்தியிலிருந்து மானிகளுக்குச் செல்லும் கம்பி
* பச்சையில் கறுப்புக் கோடு - எரிபொருள் தொட்டியின் உணரி
* பச்சையில் நீலக் கோடு - இயந்திர வெப்பநிலை உணரி
* வெள்ளையில் பழுப்புக் கோடு - எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு
* சிவப்பில் வெள்ளைக் கோடு - கருவிப் பலகை விளக்குகள்
* கறுப்பு - புவி இணைப்பு, அதாவது பணிமனை வழக்கில் எர்த்

இக்குறியீட்டில் பழுப்பு, வெள்ளை ஆகிய இரண்டிலும் உருகி இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பல கார்களில் இரண்டே உருகிகள் இருந்தன. ஒன்று ஊதாக் கம்பிகளையும் மற்றொன்று பச்சைக் கம்பிகளையும் காத்தது. புதிய மானிக்கு மின்சாரம் தேடுபவர், கருவிப் பலகையின் பின்னால் எளிதில் கைக்கு எட்டும் பழுப்பு அல்லது வெள்ளைக் கம்பியில் இணைத்துவிடுவது உண்டு. அவ்வாறு இணைக்கப்பட்ட மெல்லிய கம்பி எங்கேனும் உரசிக் காரின் உடலைத் தொட்டால், மின்கல அடுக்கின் முழு மின்னோட்டமும் அதன் வழியே பாயும். தடுக்க உருகி இல்லாமையால் கம்பி சிவந்து எரியும். கட்டினுள் அதனோடு சேர்ந்து செல்லும் பிற கம்பிகளும் அதனால் பாதிக்கப்படும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. பழைய லூக்காஸ் கண்ணாடி உருகியில் 35 ஆம்பியர் என்று குறிக்கப்பட்டிருந்தால், அது உருகி அறுந்துபோகும் அளவாகும். அது தொடர்ச்சியாகத் தாங்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 17 ஆம்பியர் மட்டுமே. தற்காலத் தகட்டு உருகியிலோ தொடர்ச்சியாகத் தாங்கும் அளவே குறிக்கப்படுகின்றது. எண்ணை மட்டும் பார்த்து மாற்றினால் பாதுகாப்பு பாதியாகக் குறையும்.

மேம்படுத்தலில் எழும் சிக்கல்கள்

நேர்முனைப் புவி இணைப்பு

1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரித்தானியக் கார்களில் மின்கல அடுக்கின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. எம்ஜிபி 1967 இல் வெளிவந்த இரண்டாம் வடிவத்திலிருந்து எதிர்முனைப் புவி இணைப்புக்கு மாறியது. தற்கால மின்னணுக் கருவிகள் எதிர்முனைப் புவி இணைப்பையே எதிர்பார்க்கின்றன. எனவே அவற்றைப் பொருத்துமுன் மின்கல அடுக்கின் இணைப்புகளை மாற்றி, டைனமோவை மறுமுனைவாக்கி, எரியூட்டற் சுருளின் இணைப்புகளையும் இடம் மாற்ற வேண்டும். பழைய எரிபொருள் மானியும் வெப்பநிலைமானியும் முனை மாற்றத்தால் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் மின்னணுச் சுழற்சிமானியும் வானொலியும் உடனடியாகப் பழுதடையக்கூடும்.

மின்னழுத்த நிலைப்படுத்தி

பல கார்களில் எரிபொருள் மானியும் வெப்பநிலைமானியும் வெப்பத்தால் வளையும் ஈருலோகப் பட்டையால் இயங்குகின்றன. இவற்றுக்கு மின்சாரம் வழங்கும் நிலைப்படுத்தியும் ஈருலோகப் பட்டையைக் கொண்டதே. அது மின்சுற்றை மாறி மாறித் திறந்து மூடி, சராசரியாக 10 வோல்ட்டு அளவைத் தருகின்றது. இரண்டு மானிகளும் ஒரே நேரத்தில் மிகையாகவோ குறைவாகவோ காட்டுமாயின், முதலில் ஐயுறத்தக்கது நிலைப்படுத்தியாகும். 12 வோல்ட்டில் இயங்கும் புதிய மானியை இளம்பச்சைக் கம்பியில் இணைப்பது தவறாகும்.

உணரியின் மின்தடை

எரிபொருள் உணரிகள் எல்லாம் ஒரே மின்தடை உடையவை அல்ல. சந்தையில் கிடைக்கும் மானிகளில் ஒருவகை, தொட்டி வெறுமையாக இருக்கையில் 240 ஓம், நிறைந்திருக்கையில் 33 ஓம் என்ற அளவுக்கு உரியது. மற்றொரு வகை முறையே 0 ஓம், 90 ஓம் என்ற அளவுக்கு உரியது. முதல் வகை உணரியோடு இரண்டாம் வகை மானியை இணைத்தால், தொட்டி வெறுமையாகும்போது மானி நிறைவைக் காட்டும். இவ்வேறுபாட்டைக் கம்பிகளை மாற்றித் திருத்த இயலாது; மானியும் உணரியும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும்.

மின்னேற்ற எச்சரிக்கை விளக்கு

ஆல்டர்னேட்டர் உள்ள கார்களில், இயந்திரம் இயங்கத் தொடங்கும்போது அதன் காந்தச் சுருளுக்கு எச்சரிக்கை விளக்கின் வழியாகவே சிறு மின்னோட்டம் செல்கின்றது. இங்கு வழக்கமாக உள்ள 2.2 வாட்டுக் குமிழ் ஏறத்தாழ 0.18 ஆம்பியர் மின்னோட்டத்தை விடும். அதற்குப் பதிலாக எல்.ஈ.டி விளக்கைப் பொருத்தினால் மின்னோட்டம் பெரிதும் குறைந்து, ஆல்டர்னேட்டர் மின்னேற்றம் செய்யாமல் போகலாம். எல்.ஈ.டியோடு பக்க இணைப்பில் ஏறத்தாழ 68 ஓம், 5 வாட்டு மின்தடை ஒன்றைச் சேர்ப்பதே இதற்குத் தீர்வாகும்.

அம்பியர்மானியை நீக்குதல்

பழைய கார்கள் சிலவற்றில் ஊர்தியின் மின்னோட்டத்தின் பெரும்பகுதி கருவிப் பலகையிலுள்ள அம்பியர்மானி வழியாகவே செல்லும். இதனை நீக்கி வோல்ட்டுமானி பொருத்தும்போது, அம்பியர்மானிக்கு வந்த இரண்டு தடித்த கம்பிகளையும் ஒன்றோடொன்று உறுதியாக இணைத்துக் காப்பிட வேண்டும். அவற்றை வோல்ட்டுமானியின் இரு முனைகளில் இணைத்தால் மின்சுற்று அறுபட்டுவிடும். வோல்ட்டுமானியின் ஒரு முனை உருகி உள்ள பச்சைக் கம்பிக்கும், மறுமுனை புவி இணைப்புக்கும் உரியது.

பாகங்களைப் பெறும் வழிகள்

உதிரிப்பாகங்கள் பொதுவாக நான்கு வழிகளில் பெறப்படுகின்றன.

* பயன்படுத்தப்படாத பழைய இருப்பு: அசல் நிறுவனம் அக்காலத்தில் உருவாக்கி, விற்காமல் எஞ்சிய பாகங்கள். அளவு சரியாகப் பொருந்தும் எனினும், காப்புறையும் இரப்பர் உறைகளும் இருப்பிலேயே முதுமை அடைந்திருக்கலாம்.
* கழித்த ஊர்திகள்: சுவிட்சுகள், விளக்குக் கூடுகள், இணைப்பி உறைகள் ஆகியவற்றுக்கு இது ஏற்ற வழி. கம்பிகளை இவ்வழியில் பெறுவது பரிந்துரைக்கத்தக்கதன்று.
* மறு உற்பத்தி: பரவலாக விற்பனையான கார்களுக்கு முழுத் தொகுதிகளும் அசல் நிறங்களில் இன்றும் உருவாக்கப்படுகின்றன. ஆர்டர் தருமுன் காரின் உற்பத்தி ஆண்டு, டைனமோவா ஆல்டர்னேட்டரா என்பது, ஓட்டுநர் அமரும் பக்கம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.
* புதிதாக உருவாக்குதல்: அரிய கார்களுக்கும், மாற்றி அமைக்கப்பட்ட கருவிப் பலகைகளுக்கும் பெரும்பாலும் இதுவே வழியாகும்.

இக்கார்களின் இணைப்பிகளில் இரண்டு வகைகள் முதன்மையானவை. ஒன்று 4.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு வடிவ முனையும் அதற்குரிய குழல் இணைப்பியும். மற்றொன்று 6.3 மில்லிமீட்டர் அகலமுள்ள தகட்டு முனை. இவ்விரு வகைகளும் இன்றும் உற்பத்தி செய்யப்படுகின்றன.

தொகுதியை உருவாக்குதல்

கம்பியைத் தேர்தல்

கம்பியின் பருமன் இழைகளின் எண்ணிக்கையாலும் ஒவ்வோர் இழையின் விட்டத்தாலும் குறிக்கப்படுகின்றது. 0.30 மில்லிமீட்டர் இழைகள் 14 கொண்ட கம்பி ஏறத்தாழ 1 சதுர மில்லிமீட்டரும், 28 கொண்ட கம்பி 2 சதுர மில்லிமீட்டரும், 44 கொண்ட கம்பி 3 சதுர மில்லிமீட்டரும் குறுக்குப் பரப்பு உடையவை. மானிகளுக்கும் எச்சரிக்கை விளக்குகளுக்கும் 14 இழைக் கம்பி போதுமானது.

1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம். இத்தகைய கம்பியில் 3 மீட்டர் தொலைவுக்கு 5 ஆம்பியர் பாய்ந்தால் 0.26 வோல்ட்டு இழக்கப்படும். மானிக்கு இது சிறிதெனத் தோன்றினும், விளக்குகளும் மானிகளும் ஒரே புவிக் கம்பியைப் பகிரும்போது, விளக்கைப் போட்டவுடன் மானியின் முள் நகர்வதற்கு இவ்விழப்பே காரணமாகின்றது. ஆகையால் மானிகளுக்குத் தனிப் புவிக் கம்பி இடுவது நன்று.

ஆணிப் பலகை முறை

தொழிற்சாலைகளைப் போலவே வீட்டிலும் தொகுதியை ஒரு மரப்பலகை மேல் உருவாக்கலாம். அதன் படிகள் பின்வருமாறு:

1. மின்கல அடுக்கின் இணைப்பை நீக்கி, பழைய தொகுதியின் ஒவ்வொரு முனையிலும் எண்ணிட்ட சீட்டைக் கட்டிய பின்னரே கழற்ற வேண்டும்.
2. பழைய தொகுதியைப் பலகை மேல் விரித்து, கிளைகள் பிரியும் இடங்களிலும் முனைகளிலும் ஆணி அடிக்க வேண்டும்.
3. அதே பாதையில் புதிய கம்பிகளை ஆணிகளுக்கு இடையே இட வேண்டும். முனைகளில் சிறிது நீளம் கூடுதலாக விடப்படும்.
4. கம்பிகளை இடைவெளி விட்டு நூலால் கட்டி, பசையற்ற பிவிசி நாடாவைப் பாதிக்குப் பாதி மேற்படியுமாறு சுற்ற வேண்டும். பசையுள்ள நாடா வெப்பத்தில் இளகிப் பிசுபிசுக்கும்.
5. முனையங்களை உரிய கருவியால் நெரித்து இறுக்க வேண்டும். பற்றாசு வைத்தால், அது இழைகளுக்குள் ஏறிக் கம்பியை விறைப்பாக்கும். அதிர்வு மிகுந்த இடத்தில் கம்பி அங்கேயே முறியக்கூடும்.

சோதித்தல்

முதலில் மல்டிமீட்டரால் ஒவ்வொரு கம்பியின் தொடர்ச்சியையும், அது பிற கம்பிகளைத் தொடவில்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். அடுத்து, மின்கல அடுக்கை நேரடியாக இணைக்காமல், 21 வாட்டு விளக்கு ஒன்றைத் தொடர் இணைப்பில் வைத்து மின்சாரம் தரலாம். எங்கேனும் குறுக்குச்சுற்று இருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரியும். மின்னோட்டம் 2 ஆம்பியரை மீறாது என்பதால் கம்பி கருகாது.

இடைநிலைத் தொகுதி

பழைய தொகுதி நல்ல நிலையில் இருந்தால், அதனை வெட்டாமலே மேம்படுத்த இயலும். ஒரு முனையில் பழைய வகை இணைப்பிகளையும் மறுமுனையில் புதிய மானிகளுக்குரிய இணைப்பிகளையும் கொண்ட சிறு தொகுதி ஒன்று இடையில் பொருத்தப்படும். இதன் மின்வழங்கல் கம்பியில் மானிகளுக்கெனத் தனியாக ஒரு சிறு உருகி சேர்க்கப்படும். முகப்பு விளக்குகளின் மின்னோட்டத்தைக் கருவிப் பலகைச் சுவிட்சு நேரடியாகத் தாங்காதவாறு ரிலேக்களையும் இதனுடன் சேர்க்கலாம். 60 வாட்டு விளக்குகள் இரண்டு 10 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். ரிலே பொருத்தியபின் சுவிட்சின் வழியே அதில் மிகச் சிறு பகுதியே செல்லும்.

வெட்டப்பட்ட கம்பியை ஒட்டலாமேயன்றி முன்பிருந்தவாறு ஆக்க இயலாது. இடைநிலைத் தொகுதியைக் கழற்றினால் கார் தன் அசல் நிலைக்குத் திரும்பும். பழைய ஊர்திகளின் வரலாற்று மதிப்பைப் பேணுவோர் இம்முறையை விரும்புவதற்கு இதுவே காரணமாகும். எம்முறையைப் பின்பற்றினும், செய்த மாற்றங்களை நிறங்களோடு படமாக வரைந்து காரிலேயே வைத்திருத்தல் நல்லது. அடுத்துப் பழுது பார்ப்பவருக்கு அதுவே வழிகாட்டியாகும்.

இவற்றையும் பார்க்க

* மின்னுருகி
* ஓமின் விதி
* ஆல்டர்னேட்டர்
* மொரிஸ் மைனர்