பழைய மடிக்கணினிக்குப் புத்துயிர்

ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு, வீட்டு வரிப் பதிவு, திட்டப் பயனாளிகளின் பட்டியல் ஆகியவை இன்று கணினியில்தான் பேணப்படுகின்றன. விவசாயிகளின் இல்லங்களிலும், 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பல உள்ளன. இவற்றுள் அநேகம் இப்பொழுது பரண்மீது கிடக்கின்றன. காரணம் கேட்டால், “பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் திரை விழிப்பதில்லை” என்பார்கள். அத்தகைய இயந்திரத்தைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குமுன், அன்பர்கள் ஒரு விஷயத்தை ஆராய்வது நலம். குறை இயந்திரம் முழுவதிலும் இல்லாமல், அதன் ஓர் உறுப்பில் மட்டுமே இருக்கக்கூடும்.

தாமதத்தின் காரணம்

பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் என்னும் சாதனமே பதிவுகளைச் சேமித்து வைக்கிறது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் இயந்திரத்தின் வழிவந்தது அது. அதனுள் காந்தப் பூச்சுடைய தட்டு, பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. இசைத்தட்டின்மேல் ஊசி நகர்வது போல, ஒரு சிறு கரம் நகர்ந்து வேண்டிய இடத்தை அடைந்து படிக்கிறது. விநாடிக்குச் சுமார் நூறு இடங்களுக்கு மேல் அக்கரத்தால் செல்ல இயலாது. கணினி தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஆங்காங்கிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. அதுவரை மற்ற உறுப்புகள் வேலையின்றிக் காத்திருக்கின்றன.

எஸ்.எஸ்.டி. என்னும் சாதனத்தில் சுழலும் தட்டும் இல்லை; நகரும் கரமும் இல்லை. மின்சாரம் நின்ற பின்னும் பதிவை இழக்காத சில்லுகளே அதில் உள்ளன. 1980-களில் ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா கண்டறிந்த ஃப்ளாஷ் நினைவகமே இதற்கு அடிப்படை. இது விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களிலிருந்து படிக்க வல்லது. வண்டியில் எடுத்துச் செல்லும்போது ஏற்படும் குலுக்கலையும் நன்கு தாங்கும். இதன் விலை, புதிய மடிக்கணினியின் விலையில் ஒரு சிறு பங்கே.

முதலில் ஆராய்க

விண்டோஸ் உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மானேஜர் தோன்றும். வேலை தாமதிக்கும் வேளையில் ‘டிஸ்க்’ என்னும் பத்தி நூறு சதவீதத்தை ஒட்டி நின்று, ‘சிபியு’ குறைவாக இருப்பின், டிஸ்க்கை மாற்றுவதால் நற்பயன் விளையும். ‘மெமரி’ நிரம்பியிருப்பின் ரேம் கூட்டுவதே முதல் தேவை. சில மலிவான கணினிகளில் சேமிப்புச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றி மாற்ற இயலாது.

மாற்றும் முறை

பழைய டிஸ்க் 2.5 அங்குல சாட்டா வகையாயின், அதே வகை எஸ்.எஸ்.டி.யை வாங்க வேண்டும். புதியதன் கனம் பொதுவாக 7 மில்லிமீட்டர், பழையது 9.5 மில்லிமீட்டராயின், இடைவெளியை நிரப்பும் சட்டம் ஒன்று தேவைப்படலாம். அலுவலக வேலைக்கு 240 அல்லது 250 ஜிபி கொள்ளளவு பெரும்பாலும் போதும். எனினும் பழைய டிஸ்க்கில் உள்ளவை அதில் அடங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, பதிவுகளை வேறொரு சாதனத்தில் நகல் எடுத்து, நகல் சரியாகத் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நகலின்றி இவ்வேலையில் இறங்கிய ஓர் அலுவலகத்தில், வீட்டு வரிப் பதிவு முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய நேர்ந்ததை நான் அறிவேன்.

பின்பு எஸ்.எஸ்.டி.யை யுஎஸ்பி வடத்தால் இணைத்து, குளோனிங் மென்பொருளைக் கொண்டு பழைய டிஸ்க்கை அப்படியே பிரதி செய்யலாம். கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரை நீக்கி, பேட்டரியையும் அகற்றுக. உடலில் தங்கிய நிலைமின்சாரம் நீங்க, பூச்சில்லாத உலோகம் ஒன்றைத் தொட்ட பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். பழையதை எடுத்த வழியிலேயே புதியதைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினால் வேலை முடிந்தது. பழக்கமில்லாதோர் பழகியவரைக் கொண்டு செய்விப்பதே நன்று.

கவனிக்கத் தக்கவை

கழற்றிய டிஸ்க்கில் பயனாளிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் இருக்கக்கூடும். அதைப் பழைய சாமான் கடைக்கு அப்படியே போடுதல் பெரும் தவறு. சில வாரங்கள் பத்திரப்படுத்தி, பின்னர் முறைப்படி அழித்த பிறகே கழிக்க வேண்டும். அலுவலகக் கணினியாயின் உரிய அனுமதி பெற்று, இருப்புப் பதிவேட்டிலும் மாற்றத்தைக் குறித்தல் அவசியம்.

எஸ்.எஸ்.டி. வேகத்தைத் தருமேயன்றிப் பாதுகாப்பைத் தராது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. புதிய விண்டோஸை ஏற்காத கணினியில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் வகை ஒன்றை நிறுவுவது பற்றி யோசிக்கலாம். மேலும், ஹார்டு டிஸ்க் பழுதாகுமுன் சில வேளைகளில் ஒலி எழுப்பும், எஸ்.எஸ்.டி.யோ ஓசையின்றி ஒரே நாளில் நின்றுவிடக்கூடும். ஆகவே புதியதைப் பொருத்திய பின்னரும், வாரம் ஒருமுறை நகல் எடுக்கும் வழக்கத்தைக் கைவிடலாகாது. டிஸ்க்கை மறுபடியும் விலைக்கு வாங்கிவிடலாம். அழிந்த கணக்கைக் கடையில் வாங்க இயலாது.