வெயில் தடிப்பும் வேதிக் களிம்பும்: தோலின் முன்புற்று நிலைக்கான 5-ஃபுளோரோயுராசில் மேற்பூச்சு

ஆய்வுச் சுருக்கம்

நெடுங்கால வெயிலால் வெளிர்நிறத் தோலில் தோன்றும் முன்புற்றுத் தடிப்புகளுக்கு 5-ஃபுளோரோயுராசில் களிம்பு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டு வருகிறது. அதன் தோற்றம், செயல்முறை, பயன்பாடு, சான்றுகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பூசிய இடம் சிவந்து புண்ணாவது மருந்து செயற்படுவதன் அடையாளமாகும். இதனை நோயாளிக்கு எச்சொல்லால் உணர்த்துவது என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: வெயில் தடிப்பு, 5-ஃபுளோரோயுராசில், புற ஊதாக் கதிர், அழற்சி, மருத்துவக் கலைச்சொல்.

முன்னுரை

ஆஸ்திரேலியா, அமெரிக்க ஐக்கிய நாடுகள் போன்ற நாடுகளில் வாழும் வெளிர்நிறத் தோலினரிடம், பல்லாண்டுகள் வெயில் பட்ட நெற்றி, வழுக்கைத் தலை, காது, புறங்கை ஆகிய இடங்களில் சிறு தடிப்புகள் தோன்றுகின்றன. மருத்துவ நூல்கள் இவற்றை ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்கின்றன. இக்கட்டுரை இவற்றை வெயில் தடிப்பு எனக் குறிக்கிறது. இவற்றைக் கண்ணால் காண்பதைவிட விரலால் தடவி அறிவது எளிது. தொட்டால் உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாக இருக்கும். தனித்தடிப்பு ஒன்று புற்றாக மாறும் வாய்ப்பு குறைவு. ஆயினும் எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாமையால் சிகிச்சை தேவைப்படுகிறது. கருநிறத் தோலில் மெலனின் என்னும் நிறமி காப்பாக அமைவதால் தமிழ் நிலப்பகுதிகளில் இந்நோய் அரிது. எனினும் பிறவியிலேயே நிறமி குன்றியோர் எங்கு வாழினும் இவ்விடருக்கு ஆளாகின்றனர்.

தடிப்பும் அதன் புலமும்

புற ஊதாக் கதிர் தோலணுவின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள தைமின், சைட்டோசின் ஆகிய காரங்களைப் பிணைத்துவிடுகிறது. இப்பிணைப்பு சரிவரச் சீர்செய்யப்படாதபோது மரபணுப் பிறழ்வு நிலைபெறுகிறது. பழுதுற்ற அணுவை அழியச் செய்யும் பி53 மரபணுவே பிறழ்வுறுமானால், அவ்வணு தடையின்றிப் பெருகும்.

பழுது ஒரு புள்ளியோடு நிற்பதில்லை. வாய்ப்புற்றை ஆராய்ந்த சுலாட்டரும் அவர்தம் குழுவினரும், கட்டியைச் சூழ்ந்த இயல்பான தோற்றமுடைய திசுவும் மாறியிருப்பதை 1953இல் சுட்டி, புற்றுப் புலம் என்னும் கருத்தை முன்வைத்தனர். வெயிலால் பழுதுற்ற தோலுக்கும் இக்கருத்து பொருந்துகிறது. திரவ நைட்ரஜனால் உறைய வைக்கும் முறை கண்ணுக்குத் தெரியும் தடிப்பை மட்டுமே நீக்கும். களிம்போ அத்தடிப்பு தோன்றிய புலம் முழுவதையும் எட்டும்.

மருந்தின் தோற்றமும் செயலும்

எலியின் கல்லீரல் கட்டிகள் இயல்பான திசுவைவிட மிகுதியாக யுராசிலைப் பயன்படுத்துகின்றன என்னும் கண்டறிவே இம்மருந்தின் அடிப்படை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹைடல்பெர்கரும் அவருடன் பணியாற்றியோரும் யுராசிலின் ஐந்தாம் இடத்தில் ஹைட்ரஜனுக்கு மாற்றாக ஃபுளோரினைப் பொருத்திய சேர்மத்தைப் பற்றி 1957இல் அறிவித்தனர். அணுவுக்குள் மாற்றமுறும் இச்சேர்மம், டி.என்.ஏ.வுக்கு வேண்டிய தைமின் கூறினை உருவாக்கும் தைமிடிலேட் சிந்தேஸ் நொதியை முடக்குகிறது. விரைந்து பெருகும் அணுக்கள் டி.என்.ஏ.வைப் படியெடுக்க இயலாது மடிகின்றன. மெதுவாகப் பெருகும் இயல்பான அணுக்கள் பெரிதும் தப்புகின்றன.

உள்ளுறுப்புப் புற்றுக்காக இம்மருந்தைப் பெற்றவர்களின் வெயில் தடிப்புகள் முதலில் சிவந்து, பின்னர் மறைந்ததை 1962இல் தென்னாப்பிரிக்காவின் ஃபால்க்சனும் ஷுல்ட்சும் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஆர்கன்சாவில் தில்லகா குழுவினர் இதனை மேற்பூச்சாகப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டனர்.

பயன்படுத்தும் முறை

பொதுவாக 5% களிம்பு நாளுக்கு இருமுறை வீதம் 2 முதல் 4 வாரங்கள் பூசப்படுகிறது. முதல் சில நாள்களில் மாற்றம் தெரியாது. பின்னர்ச் சிவப்பும் எரிச்சலும் தொடங்கும். அதுவரை கண்ணுக்குப் புலப்படாதிருந்த தடிப்புகளும் அப்போது வெளிப்படும். தொடர்ந்து மேல்தோல் உரிந்து, கசிந்து, பொருக்குக் கட்டும். அந்நிலையில் மருத்துவர் பூச்சை நிறுத்தச் சொல்வார். முழுமையாக ஆற ஒன்று அல்லது இரண்டு மாதங்கள் ஆகலாம்.

பூசியபின் கைகளை நன்கு கழுவ வேண்டும். கண், மூக்குத்துளை, வாய் ஆகியவற்றில் மருந்து படலாகாது. வெயிலைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றோரும், இம்மருந்தைச் சிதைக்கும் டி.பி.டி. நொதி அற்றோரும் இதனைப் பயன்படுத்தலாகாது. நாய், பூனை ஆகியவை சிறிதளவு நக்கினாலும் உயிருக்கு ஊறு நேரும்.

சான்றுகள்

நெதர்லாந்தில் 624 நோயாளிகளிடம் நான்கு சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. தடிப்புகளின் எண்ணிக்கை முக்கால் பங்கேனும் குறைவதே அதில் வெற்றியாகக் கொள்ளப்பட்டது. ஓராண்டு முடிவில் 5-ஃபுளோரோயுராசில் 74.7%, இமிகுவிமாட் 53.9%, ஒளியியக்கச் சிகிச்சை 37.7%, இஞ்செனால் மெபுடேட் 28.9% வெற்றி கண்டன.

தடிப்பு மறைவதால் புற்று தடுக்கப்படுகிறதா என்பது வேறு வினா. முன்னரே தோல்புற்று கண்ட 932 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடத்தப்பெற்று 2018இல் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. முகத்திலும் காதிலும் ஒரேயொரு முறை 4 வாரம் வரை களிம்பு பூசியோருள், முதலாண்டில் அறுவை தேவைப்பட்ட செதிளணுப் புற்று 5 பேருக்கே வந்தது. வெற்றுக் களிம்பு பூசியோருள் 20 பேருக்கு வந்தது. ஏறத்தாழ 75% குறைவு இது. ஆனால் இப்பயன் முதலாண்டுக்குப் பின் நீடிக்கவில்லை. ஆகவே இச்சிகிச்சை ஒருமுறையோடு முடிவதன்று எனக் கொள்ள வேண்டும்.

சொல்லும் சிகிச்சையும்

இச்சான்றுகள் அனைத்தும் களிம்பைத் தொடர்ந்து பூசுவதைச் சார்ந்தவை. முகம் புண்ணாவதைக் காணும் நோயாளி அதனை ஒவ்வாமை எனக் கருதினால் இடையிலேயே நிறுத்திவிடுவார். பக்கவிளைவு என்னும் சொல்லும் இங்குப் பொருந்தாது. இந்த அழற்சி நோக்கத்தின் பக்கத்தில் நிகழ்வதன்று, நோக்கத்தின் வழியிலேயே நிகழ்வது. எனவே இதனைச் சிகிச்சை அழற்சி எனக் குறிக்கலாம். பூசாத இடத்திலும் தடிப்பு, முகவீக்கம், காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றினால் அவை சிகிச்சை அழற்சியல்ல. உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

கீமோதெரபி என்னும் சொல்லும் முடியுதிர்வு, வாந்தி ஆகியவற்றை நினைவூட்டி அச்சம் தருவது. தோல்வழி உடலுக்குள் செல்லும் மருந்து சிறு பங்கே என்பதால், புற்றணு தடுக்கும் மேற்பூச்சு என்னும் தொடர் உண்மைக்கு நெருக்கமானது. அச்சத்தைக் குறைப்பதற்காக மருந்தின் வீரியத்தை மறைப்பதும் பிழையாகும். மேலே கூறிய எச்சரிக்கைகள் அவ்வீரியத்தினின்று பிறந்தவை.

முடிவுரை

வெயில் பழுதுபடுத்திய தோற்புலம் முழுவதையும் எட்டும் 5-ஃபுளோரோயுராசில், ஒப்பாய்வில் முதலிடம் பெற்ற மருந்தாகும். தடித்த, வலிக்கும், குருதி கசியும், விரைந்து வளரும் கட்டிகளுக்கு இக்களிம்பு போதாது. அவற்றுக்குத் திசு ஆய்வு வேண்டும். தமிழில் மருத்துவக் குறிப்பு எழுதுவோர், சிவப்பு எப்போது தொடங்கும், எதுவரை இயல்பு, எப்போது ஆறும் என்பவற்றை நாள்கணக்கோடு முன்கூட்டியே எழுதுதல் வேண்டும். தொடங்கிய சிகிச்சை நிறைவுறுவதற்கு அதுவே துணையாகும்.