இரண்டு பான்கேக் திருநாள்கள்

பிரான்சில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு பான்கேக் திருநாள்கள். முதலாவது, பிப்ரவரி 2-இல் வரும் பிரெஞ்சுக்காரர்களின் ‘ஷாந்தலர்’. கிறிஸ்துமஸையும் சேர்த்து எண்ணினால் 40-ஆம் நாள். அன்று வீட்டுக்கு வீடு மெல்லிய ‘க்ரெப்’ வார்ப்பார்கள். ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாணலியைச் சுண்டி, க்ரெப்பை அந்தரத்தில் புரட்டிப் பிடிக்க வேண்டும். கீழே விழாவிட்டால் அந்த ஆண்டு பணத்துக்குப் பஞ்சமில்லையாம்! முன்பெல்லாம் தங்கக் காசு. இப்போது யூரோ நாணயமே போதும். முதல் க்ரெப்பில் காசைச் சுற்றி, மறு ஆண்டுவரை அலமாரி உச்சியில் வைக்கும் வழக்கமும் உண்டு. எறும்புகளுக்குத்தான் உண்மையான திருநாள்!

இங்கிலாந்தின் பான்கேக் நாள், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய். ஈஸ்டரைப் பொறுத்துத் தேதி மாறினாலும் பிப்ரவரி 3-க்கு முன்னால் வராது. அதனால் இரண்டும் மோதிக்கொள்வதே இல்லை. அக்கம்பக்கத்தாரோடு ஒரு முறை, சொந்த ஊர் வழக்கப்படி எலுமிச்சை பிழிந்து சர்க்கரை தூவி இன்னொரு முறை. பிரான்சின் பிரித்தானி பகுதியில் குடியிருந்தால் கேட்கவே வேண்டாம். முட்டையும் சீஸும் ஹாமும் வைத்து மடித்த பக்வீட் ‘கலெத்’ அங்கே ஆண்டு முழுக்கக் கிடைக்கும்.