கோழியைக் கொண்டுபோனது எது?

விடியற்காலையில் கூட்டைத் திறந்து, இறகுகள் சிதறிக் கிடப்பதையும் முட்டையிட்டுக்கொண்டிருந்த பெட்டை காணாமற்போயிருப்பதையும் காணும் குடியானவப் பெண்ணின் துயரம் அற்பமானதன்று. ஆயினும் அந்தத் துயரத்தின் வேகத்தில், கீரிதான் என்று தீர்மானித்து, விஷம் கலந்த மாமிசத்தை வேலியோரம் வைத்துவிடும் வழக்கம், நிரபராதிகளான பல ஜீவன்களின் பிராணனைப் போக்குவதோடு, உண்மையான அபராதியை மறுநாள் இரவும் வரவிட்டுவிடுகிறது.

முதலில் கவனிக்கவேண்டியது நேரம். கீரி பகலில் வேட்டையாடும் பிராணி. ஆகையால் மாலையில் உயிரோடிருந்த கோழி விடியுமுன் மாண்டிருக்குமானால், சந்தேகம் மரநாயின் மேலும் காட்டுப்பூனையின் மேலுமே செல்லவேண்டும். மரநாய் ஓட்டுச் சந்தின் வழியே கூரையிலிருந்து இறங்கும். காட்டுப்பூனை கோழியைக் கவ்விக்கொண்டு புதரை நாடுவதால் வழியில் இறகு உதிர்ந்து கிடக்கும். முட்டை ஓடுகூட மிஞ்சாமல் மறைந்திருந்தால், பெரும்பாலும் அது பாம்பின் வேலை. அடைக்கோழியின் அருகே குஞ்சு ஒன்று காயம் ஏதுமின்றி, தலையும் கழுத்தும் மட்டும் எச்சில் பட்டு நனைந்து, இறகு படிந்து செத்துக் கிடக்குமானால், விழுங்க முயன்று விட்டுவிட்ட பாம்பு அங்கேயே சுருண்டிருக்கக்கூடும். விளக்கைப் பிடித்துப் பாராமல் கையை உள்ளே விடாதீர்கள்.

பல கோழிகள் குதறப்பட்டு, தின்னப்படாமலே முற்றமெங்கும் கிடந்தால், அது அநேகமாக நாய்களின் செயல். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் தெருநாய்களால் ஆடுகளை இழந்து போராடியதை நாம் அறிவோம். நாய் கடித்து மாண்ட ஆடு, மாடு, கோழிகளுக்கு நிவாரணம் வழங்கத் தமிழக அரசு 2025ஆம் ஆண்டில் முடிவெடுத்தது. ஆகவே செத்தவற்றை அவசரமாகப் புதைத்துவிடாமல், படமெடுத்து வைத்துக்கொண்டு, கால்நடை மருத்துவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தெரிவிப்பது உங்கள் உரிமையைக் காக்கும்.

கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைக் கொல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதோ மனித உயிரையே பலிகொள்ளக்கூடியது.

பரிகாரம் கூட்டிலேயே இருக்கிறது. மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி நாயின் பல்லைத் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டிக் கம்பிவலையே வேண்டும், அதையும் ஓரடி ஆழம் மண்ணில் இறக்கவேண்டும். பகலில் வல்லூறும் காகமும் குஞ்சுகளைத் தூக்காதிருக்கப் பஞ்சாரம் போதும். இன்று மாலையே கூட்டை ஒருமுறை சுற்றிவந்து, இரண்டு விரல் நுழையும் சந்து எங்கிருந்தாலும் அடைத்துவிடுங்கள்.