முயலைத் தேடிப்போகும் ஆடு

ஆய்வகக் குளிர்பெட்டியில் விரல் நீளக் குப்பி ஒன்றில் ‘கோட் ஆன்டி-ராபிட்’ என்று எழுதியிருக்கும். முயலுக்கு எதிரான ஆடு! முயலின் எதிர்ப்பொருளை ஆட்டுக்கு ஊசியில் ஏற்றினால், ஆட்டின் உடல் அதை அந்நியமென்று கருதி, அதைப் பிடிக்க ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்து ஒரு நொதியைக் கோத்துவிட்டால் இரண்டாம்நிலை எதிர்ப்பொருள் தயார்.

இது தேவைப்படுவது ஒரு புரதத்தைத் தேடும்போது. செல்லை உடைத்தெடுத்த சாற்றில் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும். ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி அவற்றை அளவுவாரியாகப் பிரித்து, நைட்ரோசெல்லுலோஸ் சவ்வுக்கு மாற்றுவார்கள். இதுதான் ‘வெஸ்டர்ன் பிளாட்’. டிஎன்ஏவுக்கான இதே மாதிரி முறையை 1975-இல் வெளியிட்டவர் எட்வின் சதர்ன். அவர் பெயரில் தெற்கு இருந்ததால், இதற்கு 1981-இல் மேற்கு என்று பெயர் சூட்டினார் நீல் பர்னெட்.

சவ்வின் காலியிடங்களை அடைக்கக் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்து ஊற்றுவார்கள். சாதாரணப் பால்பவுடர்தான்! பிறகு, தேடும் புரதத்தைப் பிடிக்கும் முயல் எதிர்ப்பொருள். அது போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் ஆடு.

முயல் எதிர்ப்பொருளிலேயே நொதியைக் கோத்தால் என்ன? கோக்கலாம். ஆனால் ஒவ்வொரு எதிர்ப்பொருளுக்கும் தனித்தனியாகக் கோக்கவேண்டும். சில சமயம் அதன் பிடிப்பும் கெட்டுப்போகும். ஆட்டினது ஒன்று இருந்தால், முயலிலிருந்து வந்த எல்லாவற்றுக்கும் போதும். தவிர, ஒரு முயல் மூலக்கூறின்மேல் பல ஆட்டு மூலக்கூறுகள் ஏறிக்கொள்ளும், சமிக்ஞை பெருகும்.

அந்த நொதி பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் என்ற கடுகு இனச் செடியின் வேரிலிருந்து வருவது. நம் முருங்கை வேரிலும் அதே காரம் இருந்ததால்தான் வெள்ளைக்காரர்கள் முருங்கையை ‘ஹார்ஸ்ராடிஷ் மரம்’ என்றார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் லூமினாலும் சேர்த்தால் இந்த நொதி நீல வெளிச்சம் உண்டாக்கும். இருட்டறையில் ஃபிலிமை வைத்து எடுத்தால், புரதம் இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை.

கெட்டுப்போகாமலிருக்கக் கரைசல்களில் சோடியம் அசைடு போடும் பழக்கம் உண்டு. அது இந்த நொதியை முடக்கிவிடும். ஃபிலிம் வெறுமையாக வரும். எதிர்ப்பொருளைத் திட்டிக்கொண்டே ஒரு வாரம் போகும். ஆட்டு எதிர்ப்பொருளின் அளவு கூடினாலோ ஃபிலிம் முழுக்கக் கறுப்பு. பத்து மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோலிட்டரே போதும் என்பார்கள்.

பழகியவர்கள் ஒரு துண்டுச் சவ்வில் முயலை விட்டுவிட்டு ஆட்டை மட்டும் ஊற்றிப் பார்ப்பார்கள். அதிலும் பட்டை விழுந்தால், ஆடு முயலைத் தேடவில்லை, கண்டதையெல்லாம் மேய்ந்திருக்கிறது.